முந்துவதில் உள்ள கணக்கு: பந்தயப் பாதையிலும் நம் செஞ்சிச் சாலையிலும்

செஞ்சி என்றதும் தேசிங்குராஜனும் அவன் குதிரையும் நினைவுக்கு வருவது வழக்கம். 1714 ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து உயிர்விட்ட அந்த இளைஞனின் குதிரை ஓடவில்லை, பறந்தது என்றே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் கோட்டையின் ஊடே, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், இப்போது திருவண்ணாமலைச் சாலை செல்கிறது. குதிரைகள் போய்ப் பேருந்துகளும் லாரிகளும் வந்துவிட்டன. பறக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை.

நான் கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து நாள்தோறும் அந்தச் சாலையில் பேருந்தில் வந்து படிக்கும் மாணவன். சென்ற ஆண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வு நாளன்று நான் ஏறிய பேருந்துக்கு முன்னால் கரும்பு ஏற்றிய லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் இரண்டு முறை வலப்புறம் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். முன் இருக்கையருகே நின்றிருந்த நான், "அண்ணே, ஓவர்டேக் பண்ணுங்கண்ணே, பரீட்சைக்கு நேரமாச்சு" என்றேன். மூன்றாம் முறை அவர் வெளியே எடுத்தார். பாதி லாரியைத் தாண்டியபோது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அதை ஓட்டி வந்தவர் வேறு வழியின்றி மண்ணில் இறங்கிச் சரிந்தார். பின் கண்ணாடி வழியே பார்த்தேன். எழுந்து நின்று கால்சட்டையில் ஒட்டிய புழுதியைத் தட்டிக்கொண்டிருந்தார். பேருந்து நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை.

பக்கத்தில் இருந்த என் நண்பன், கார்ப் பந்தயம் என்றால் உயிரை விடுபவன், "நம்ம அண்ணன் நரேன் கார்த்திகேயன் மாதிரி ஓட்டுறாருடா. அவங்க முந்நூறுல முந்துறாங்க, இவரு அறுபத்தஞ்சுலதானே" என்றான். அப்போது நானும் சிரித்தேன். தேர்வு அறையில் உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை. 300 கிலோமீட்டர் வேகத்தில் முந்துவது முறையானால் 65 கிலோமீட்டர் வேகத்தில் முந்துவது எப்படித் தவறாகும்? இரண்டும் ஒரே கணக்குத்தானா? கணிதம் படிக்கும் நாம் இதற்கு விடை காண வேண்டாமா? அந்த முயற்சியே இக்கட்டுரை.

சோழவரம் முதல் தீவுத்திடல் வரை

கார்ப் பந்தயம் நமக்கு அயலான விளையாட்டு அன்று. 1953 இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை பந்தயங்கள் நடந்தன. பின்னர் 1990 இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் இதற்கெனவே கட்டிய பாதை திறக்கப்பட்டது. அதன் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010 இல் அடுத்தவரானார். 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் இந்தியன் கிராண்ட் பிரீ நடந்தது. 2024 இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளிலேயே ஃபார்முலா நான்கு கார்கள் இரவு விளக்கொளியில் ஓடின.

இந்தப் பந்தயங்களையெல்லாம் பார்ப்பவர்கள் கண்கொட்டாமல் காத்திருப்பது ஒரே காட்சிக்காகத்தான். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை எங்கே, எப்படி முந்துகிறார் என்பதே அது.

வேகம் அன்று, வேக வேறுபாடு

முதல் பாடம் எளியது. இரண்டு கார்களும் ஒரே திசையில் ஓடுகின்றன. முன் காரின் மூக்குக்கும் பின் காரின் மூக்குக்கும் உள்ள தூரத்தை இடைவெளி என்போம். அந்த இடைவெளியை மூட ஆகும் நேரம்:

நேரம் = இடைவெளி ÷ வேக வேறுபாடு

இதில் ஒவ்வொரு காரின் தனி வேகமும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 300 கி.மீ. வேகத்தில் ஓடும் இரண்டு கார்களுக்கு இடையே உள்ள சார்பு வேகம் பூச்சியம். ஒருவர் மற்றவரைப் பார்த்தால் நின்ற இடத்தில் நிற்பது போலவே தோன்றும். முந்துவதற்குத் தேவை வேகம் அன்று. வேக வேறுபாடு.

ஒரே வகைக் கார்களுக்குள் அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? காற்றிலிருந்து வருகிறது. மிகுந்த வேகத்தில் எஞ்சினின் ஆற்றலில் பெரும் பங்கு காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகிறது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். ஆற்றல் என்பது தடையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஆகவே தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் கனத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். முன் கார் காற்றைக் கிழித்துச் செல்லும்போது அதன் பின்னால் ஒரு காற்று நிழல் உண்டாகிறது. அந்த நிழலில் வரும் காருக்குத் தடை குறைவு. லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மிதிவண்டி மிதித்தவர்களுக்கு இது தெரியும்.

கணக்குக்காகத் தடை பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று கொள்வோம். அதே ஆற்றலில் வேகத்தின் கனம் 10/9 மடங்காகும். அதன் கனமூலம் ஏறத்தாழ 1.036. எனவே 300 கி.மீ. வேகம் சுமார் 310.7 கி.மீ. ஆகிறது. வேறுபாடு மணிக்கு 10.7 கி.மீ., அதாவது விநாடிக்கு 3 மீட்டர்.

இனி ஒரு கிலோமீட்டர் நேர்பாதையை எடுத்துக்கொள்வோம். கிரேட்டர் நொய்டாப் பாதையில் மூன்றாவது திருப்பத்துக்கும் நான்காவது திருப்பத்துக்கும் நடுவே இதற்குச் சற்று அதிகமான நேர்பாதை உண்டு. 300 கி.மீ. என்பது விநாடிக்கு 83.3 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் கடக்க 12 விநாடி போதும். 12 விநாடியில் விநாடிக்கு 3 மீட்டர் வீதம் பின்னவர் பெறும் லாபம் 36 மீட்டர். நேர்பாதை முழுவதும் உச்ச வேகத்திலேயே ஓடுவதில்லையாதலால் இது தோராயமே. ஆயினும் நம் சிந்தனைக்கு இது போதும்.

இந்த லாபம் போதாது என்று கண்டுதான் 2011 இல் பின்சிறகின் மடலைத் திறந்து காற்றுத் தடையைக் குறைக்கும் கருவியை ஃபார்முலா ஒன்றில் அனுமதித்தார்கள். முன் காருக்கு ஒரு விநாடிக்குள் நெருங்கியவர் மட்டுமே, குறித்த இடங்களில் மட்டுமே, அதைத் திறக்கலாம் என்பது விதி. 2025 வரை அம்முறை நீடித்தது. 2026 விதிகளில் அதற்கு மாற்றாக, நெருங்கி வந்தவருக்குக் கூடுதல் மின் ஆற்றல் தரும் முறை வந்தது. கருவி எதுவானாலும் நோக்கம் ஒன்றே. நம் வாய்பாட்டில் பகுதியில் நிற்கும் வேக வேறுபாட்டைப் பெரிதாக்குவதுதான் அது.

ஒரு விநாடி என்பது எத்தனை மீட்டர்?

தொலைக்காட்சியில் பந்தயம் பார்க்கும்போது எனக்கு நெடுநாள் புரியாத ஒன்று உண்டு. திருப்பத்தில் இரண்டு கார்களும் ஒட்டிக்கொண்டு போகும். நேர்பாதைக்கு வந்ததும் முன் கார் விலகி ஓடிவிடும். மறுபடி திருப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்னவர் நேர்பாதையில் மட்டும் வல்லவரா என்று நினைப்பேன். கணக்குப் போட்டதும் மயக்கம் தெளிந்தது.

பின்னவர் முன்னவரைப் போலவே 0.6 விநாடி தாமதித்து எல்லாவற்றையும் செய்கிறார் என்று கொள்வோம். மெதுவான திருப்பத்தில் வேகம் 90 கி.மீ., அதாவது விநாடிக்கு 25 மீட்டர். 0.6 விநாடி என்பது அங்கே 15 மீட்டர். நேர்பாதையின் முடிவில் வேகம் 300 கி.மீ. அதே 0.6 விநாடி அங்கே 50 மீட்டர். யாரும் யாரையும் விட்டு ஓடவில்லை. கால இடைவெளி மாறவேயில்லை. ஆர்மோனியத்தின் துருத்தி விரிந்து சுருங்குவது போல மீட்டர்தான் விரிந்து சுருங்குகிறது.

இந்த 50 மீட்டரிலிருந்து காற்று நிழல் தந்த 36 மீட்டரைக் கழித்தால் மீதி 14 மீட்டர். நேர்பாதை முடிந்துவிட்டது, இன்னும் முந்தியாகவில்லை. அந்த 14 மீட்டர் எங்கே தீரும்?

பிரேக்கில் நடக்கும் முந்துதல்

பந்தயத்தில் முந்துதல் பெரும்பாலும் ஆக்சிலேட்டரில் நடப்பதில்லை, பிரேக்கில் நடக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. இதற்கு நாம் மேல்நிலைப் பள்ளியிலேயே படித்த சமன்பாடு போதும். தொடக்க வேகத்தின் வர்க்கத்திலிருந்து இறுதி வேகத்தின் வர்க்கத்தைக் கழித்தால், எதிர் முடுக்கத்தையும் தூரத்தையும் பெருக்கியதின் இருமடங்கு கிடைக்கும்.

300 கி.மீ. வேகத்திலிருந்து 90 கி.மீ. வேகத்துக்கு இறங்க வேண்டும். எதிர் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது விநாடிக்கு விநாடி 40 மீட்டர் என்று கொள்வோம். 83.3 இன் வர்க்கம் 6,944. 25 இன் வர்க்கம் 625. வேறுபாடு 6,319. அதை 80 ஆல் வகுத்தால் 79 மீட்டர். ஆகும் நேரம் 1.46 விநாடி. முன்னவர் திருப்பத்துக்கு 79 மீட்டர் முன்னதாகப் பிரேக் மிதிக்கிறார்.

பின்னவர் 14 மீட்டர் பின்னால் வருகிறார். அவர் அதே இடத்தில் மிதிக்காமல் 10 மீட்டர் தள்ளி மிதிக்கிறார். அந்த இடத்தை அவர் அடைய வேண்டுமானால் 24 மீட்டர் ஓட வேண்டும். அதற்கு 0.29 விநாடி. இமை மூடித் திறக்கும் நேரம்தான். ஆனால் அதற்குள் முன்னவர் வேகம் விநாடிக்கு 11.5 மீட்டர் குறைந்துவிட்டது. இப்போது இருவருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 12 மீட்டர். இருவரும் ஒரே அளவில் பிரேக் பிடிப்பதால் அந்த 11.5 மீட்டர் வேக வேறுபாடு அப்படியே நிற்கும். முன்னவர் திருப்பத்தை அடைய இன்னும் 1.17 விநாடி இருக்கிறது. 11.5 ஐ 1.17 ஆல் பெருக்கினால் 13.5 மீட்டர். இடைவெளி 12 மீட்டர்தானே? ஆகவே பின்னவர் ஒரு மீட்டர் முன்னால் மூக்கை நீட்டியபடி திருப்பத்தை அடைகிறார். நேர்பாதை முழுவதும் துரத்திக் கிடைக்காதது ஒன்றரை விநாடிக்குள் கிடைத்துவிட்டது.

விலை இல்லாமலா? திருப்பத்தை அடையும்போது முன்னவர் வேகம் 90 கி.மீ. பின்னவர் வேகம் 25 உடன் 11.5 கூட, விநாடிக்கு 36.5 மீட்டர், அதாவது மணிக்கு 130 கி.மீ.க்குச் சற்று மேல். டயரின் பிடிப்பு ஒரே அளவாக இருந்தால் திருப்பத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்க வேண்டும். 36.5 ஐ 25 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 2.1. எனவே பின்னவரின் காருக்கு இருமடங்குக்கும் மேல் அகன்ற வளைவு தேவை. பாதை அவ்வளவு அகலமாக இராது. அவர் வெளிப்புறம் விலகிச் செல்வார். பொறுமையாகத் திருப்பத்தை எடுத்தவர் உள்பக்கமாக வந்து, திருப்பத்தின் முடிவில் மறுபடி முன்னேறிவிடுவார். நல்ல ஓட்டுநர் உள்பக்கத்தைப் பிடித்து 10 மீட்டருக்குப் பதில் 4 அல்லது 5 மீட்டர் மட்டும் தாமதித்து, மீதியை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்வார்.

ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கொடுக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பந்தய ஓட்டுநரின் துணிச்சல் என்று நாம் கைதட்டுவதில் பெரும் பகுதி இந்தக் கணக்குத்தான்.

நேருக்கு நேர் சந்திக்காமலே முந்துதல்

இன்னொரு வழியும் உண்டு. டயர் தேயத் தேயக் கார் மெதுவாகும். புதிய டயர் மாட்டிய கார் தேய்ந்த டயர்க் காரைவிட ஒரு சுற்றுக்கு ஒன்றரை விநாடி வேகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னவர் ஒரு விநாடி பின்னால் இருக்கிறார். அவர் ஒரு சுற்று முன்னதாகவே நின்று டயர் மாற்றிக்கொள்கிறார். முன்னவர் அடுத்த சுற்றில் மாற்றுகிறார். மாற்ற ஆகும் நேரம் இருவருக்கும் சமம். இடையில் வந்த அந்த ஒரு சுற்றில் பின்னவர் ஒன்றரை விநாடி பெற்றுவிட்டார். முன்னவர் வெளியே வரும்போது அரை விநாடி பின்தங்கியிருப்பார். பாதையில் எங்கும் இருவரும் பக்கம் பக்கமாக ஓடவேயில்லை. ஆயினும் முந்துதல் நடந்துவிட்டது. சரியான நேரத்தில் புறப்பட்டதே காரணம்.

நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்றில் முதன்முதல் புள்ளிகள் பெற்ற கதையும் இங்கே நினைக்கத்தக்கது. 2005 ஜூன் மாதம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயத்தன்று, டயர்கள் பாதுகாப்பாக இல்லை என்று அஞ்சி 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகிக்கொண்டன. மீதி 6 கார்களே ஓடின. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். 300 கி.மீ. வேகத்தில் ஓடுகிற உலகத்திலும், ஆபத்து என்று தெரிந்தால் கூட்டத்தோடு விலகி நிற்பார்கள் என்பதற்கு அந்த நாள் சான்று.

ராணிக் கோட்டை மேலிருந்து பார்த்தது

இவ்வளவும் பந்தயப் பாதைக் கணக்கு. இனி நம் சாலைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அந்த நண்பனும், ராணிக் கோட்டை என்று நம்மூரார் சொல்லும் கிருஷ்ணகிரி மேல் ஏறி, கீழே போகும் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். வண்டிகள் தீப்பெட்டி போலத் தெரிந்தன. ஒரு பேருந்து லாரியை விட்டு வெளியே எடுப்பதும், உள்ளே திரும்புவதும் வரை கைப்பேசிக் கடிகாரத்தில் நேரம் குறித்தோம். மேலிருந்து பார்த்த எங்களுக்கு எதிரே வரும் வண்டியும் நன்றாகத் தெரிந்தது. லாரியின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஓட்டுநருக்கு அது தெரிந்திராது. கரும்பு ஏற்றிய லாரியானால் கேட்கவே வேண்டாம்.

கணக்கு இதுதான். லாரியின் நீளம் 9 மீட்டர், பேருந்தின் நீளம் 11 மீட்டர். வெளியே எடுக்குமுன் 20 மீட்டர் இடைவெளி, உள்ளே திரும்பும்போது 20 மீட்டர் இடைவெளி. கூட்டினால் 60 மீட்டர். லாரி 50 கி.மீ., பேருந்து 65 கி.மீ. வேக வேறுபாடு 15 கி.மீ., அதாவது விநாடிக்கு 4.17 மீட்டர். 60 ஐ 4.17 ஆல் வகுத்தால் 14.4 விநாடி. நாங்கள் குறித்துவந்த நேரங்களும் இதை ஒட்டியே இருந்தன. அந்த 14.4 விநாடியும் பேருந்து எதிர்ப்பக்கத்துச் சாலையில் இருக்கிறது. அதற்குள் அது ஓடும் தூரம் 260 மீட்டர்.

பந்தயப் பாதையில் இதோடு கணக்கு முடிந்துவிடும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் முடிவதில்லை. எதிரே ஒருவர் வருகிறார். அவரும் 65 கி.மீ. வேகத்தில் வந்தால் அதே 14.4 விநாடியில் 260 மீட்டர் வந்துவிடுவார். எனவே வாய்பாடு மாறுகிறது:

தேவையான வெற்றுச் சாலை = 60 × (பேருந்தின் வேகம் + எதிர் வண்டியின் வேகம்) ÷ (பேருந்தின் வேகம் − லாரியின் வேகம்)

தொகுதியில் கூட்டல், பகுதியில் கழித்தல். இந்த ஒரு வரியில்தான் பந்தயப் பாதைக்கும் நம் சாலைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. விடை 520 மீட்டர். அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கண்ணுக்கு எட்டிய சாலை காலியாக இருக்க வேண்டும்.

சாலைகளை வடிவமைக்க நெறிகள் வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், 65 கி.மீ. வேகத்துக்கு 340 மீட்டரும் 80 கி.மீ. வேகத்துக்கு 470 மீட்டரும் முந்துவதற்கான பார்வைத் தூரமாகக் குறித்துள்ளது. நான் எடுத்த இடைவெளி சற்று அதிகம். மேலும், முந்தத் தொடங்கிய முதல் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் எதிர் வண்டி தெரிந்தால் ஓட்டுநர் பின்வாங்கிவிடுவார் என்பது அந்தக் கணக்கின் அனுமானம். பின்வாங்காத ஓட்டுநருக்கு 340 போதாது என்பதை மறந்துவிடக் கூடாது.

பகுதி சிறுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பேருந்து 60 கி.மீ. வேகத்தில் முந்தினால் 21.6 விநாடி ஆகும், 750 மீட்டர் வேண்டும். 55 கி.மீ. வேகத்தில் முந்தினால் 43.2 விநாடி, ஏறத்தாழ 1,440 மீட்டர். மெதுவாகப் போவதால் பாதுகாப்பு என்பது இங்கே பொருந்தாது. "அறுபத்தஞ்சுலதானே" என்ற என் நண்பனின் பேச்சுக்கு இதுவே விடை.

அப்படியானால் 80 கி.மீ. வேகத்தில் முந்தலாமா? 7.2 விநாடி, 290 மீட்டர் போதும் என்று வாய்பாடு சொல்கிறது. ஆனால் ஐம்பது பேர் ஏறிய பேருந்து 50 இலிருந்து 80 க்கு நினைத்தவுடன் தாவாது. மேலும் பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80 ஐ 65 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.5. நேரத்தில் பாதியை மிச்சம் பிடித்தவர், தவறு நேர்ந்தால் நிறுத்துவதற்கு ஒன்றரை மடங்கு சாலை கேட்கிறார்.

லாரிக்காரருக்கு ரோஷம் வந்து 50 ஐ 55 ஆக்கினால்? பேருந்து 65 இலேயே இருந்தாலும் நேரம் 14.4 இலிருந்து 21.6 விநாடியாகிறது. 520 மீட்டர் 780 மீட்டராகிறது. முந்தப்படும் வண்டி தன் வேகத்தைக் கூட்டக் கூடாது என்று சட்டம் சொல்வதன் காரணம் இதுதான்.

திரும்ப முடியாத இடம் ஒன்றும் இக்கணக்கில் உண்டு. பேருந்தின் மூக்கு லாரியின் மூக்குக்கு நேராக வர 29 மீட்டர் சார்புத் தூரம், அதாவது 7 விநாடி. மீதி 31 மீட்டர். அந்த இடத்தில் முன்னே போவதும் பின்னே வருவதும் ஏறத்தாழச் சமம். அப்போது எதிர் வண்டி 270 மீட்டருக்குள் இருந்தால் முன்னே போக இடமில்லை. அன்று அந்த மோட்டார் சைக்கிள்காரர் தெரிந்தது இந்த இடத்தில்தான். சிறிய உருவம் உண்மையில் இருப்பதைவிடத் தொலைவில் இருப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். எங்கள் ஓட்டுநருக்கு இல்லாத இடத்தைத் தன் பங்கிலிருந்து கொடுத்தவர் அவர்தான்.

லாபம் எவ்வளவு?

இவ்வளவு கொடுத்து வாங்குவது என்ன என்று பார்க்க வேண்டாமா? ஒரு லாரியை முந்திய பின் அடுத்த லாரி ஒரு கிலோமீட்டர் தள்ளி நம்மை மறிக்கிறது என்று கொள்வோம். அந்த ஒரு கிலோமீட்டரை 50 கி.மீ. வேகத்தில் கடக்க 72 விநாடி. 65 கி.மீ. வேகத்தில் கடக்க 55.4 விநாடி. மிச்சம் 16.6 விநாடி. அதற்காக எதிர்ச் சாலையில் இருந்த நேரம் 14.4 விநாடி. ஏறத்தாழ ஒரு விநாடி மிச்சத்துக்கு ஒரு விநாடி உயிராபத்து.

பந்தய ஓட்டுநருக்கு அந்த 16 விநாடி ஒரு கோப்பை. அவரோடு ஓடுபவர்கள் எல்லோரும் ஒரே திசையில், தலைக்கவசம் அணிந்து, தாமே விரும்பி வந்தவர்கள். பாதையில் ஆபத்து என்றால் மஞ்சள் கொடி அசையும். அந்தக் கொடிக்குள் எவரும் முந்தக் கூடாது. தோற்றால் ஓர் இடம் பின்தங்குவார். நம் பேருந்தில் இருப்பவர்களோ, எதிரே வருபவரோ எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவர்கள் அல்லர். நமக்குரிய மஞ்சள் கொடி சாலை நடுவில் போட்ட முறியாத கோடுதான். அதை அசைத்துக் காட்ட ஆளில்லை என்பதால் நாம் அதைக் காண்பதில்லை.

ஓட்டுநரை மட்டும் குறை சொல்லி இக்கட்டுரையை முடிக்க எனக்கு உரிமையில்லை. அவர் இரண்டு முறை எட்டிப் பார்த்துப் பின்வாங்கினார். அவர் கணக்குச் சரியாகவே இருந்தது. பரீட்சைக்கு நேரமாச்சு என்று அவர் காதில் சொன்னவன் நான். வாய்பாட்டில் இடம்பெறாத அந்தக் குரலும் ஒரு காரணிதான்.

இப்போது நான் ஒரு பேருந்து முன்னதாகவே ஏறுகிறேன். ஐந்து நிமிடம் முன்னதாக வீட்டை விட்டுப் புறப்பட்டால் போதும், அது கிடைக்கிறது. ஐந்து நிமிடம் என்பது 300 விநாடி. 300 ஐ 16.6 ஆல் வகுத்துப் பாருங்கள், 18 வரும். பதினெட்டு லாரிகளை முந்தினால் கிடைக்கும் நேரத்தை வீட்டு வாசலிலேயே பெற்றுவிடுகிறேன். டயர் மாற்ற ஒரு சுற்று முன்னதாக நின்றவர் பந்தயத்தில் செய்ததும் இதுவே.

நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் பேருந்தின் முன்பக்கம் நிற்கும்போது ஓட்டுநர் வலப்புறம் எட்டிப் பார்த்துவிட்டு லாரியின் பின்னாலேயே பொறுமையாக வந்தால், அவர் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கணக்குப் போடுபவரிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது நாம் வகுப்பறையில் கற்ற நல்ல பழக்கம்தானே!

— மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் கணிதம்